காப்பி எந்திரம் வாங்கலாமா?

காலை 5 மணி.

வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். ஒருவர் மட்டும் விழித்துக் கொள்கிறார். அவர்தான் அம்மா.

அடுப்படி விளக்கைப் போடுகிறார். தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார். பில்டரில் தூளைப் போட்டு, குடை போன்ற தட்டால் லேசாக அமுக்குகிறார். வெந்நீரை ஊற்றி மூடுகிறார். டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அதற்குள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு விட்டு வந்து, பாலைக் காய்ச்சுகிறார்.

6 மணிக்கு ஒவ்வொருவராக எழுந்து வருகிறார்கள்.

"அம்மா, காப்பி!"

எல்லோருக்கும் கொடுத்த பிறகு, மீதி இருக்கும் டிகாக்ஷனில் கொஞ்சம் பாலை ஊற்றி, கடைசியாகக் குடிக்கிறார் அம்மா. அதற்குள் அது பாதி ஆறி விடுகிறது.

தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் தினமும் நடப்பது இது. அப்படி ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். அம்மா, அப்பா, மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் மகள். மொத்தம் 5 பேர்.

ஒரு நாள் மகன் சொல்கிறான்:

"அம்மா, இனி நீ கஷ்டப்பட வேண்டாம். நல்ல காப்பி எந்திரம் ஒன்று வாங்கப் போகிறேன். பொத்தானை அழுத்தினால் போதும். காப்பி வந்து விடும்."

"விலை என்னப்பா?"

"நாற்பதாயிரம் ரூபாய்."

"அம்மாடி!" என்கிறார் அம்மா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்கிறார்:

"அதைக் கழுவுவது யாரு?"

மகனிடம் பதில் இல்லை.

நல்ல கேள்வி

அம்மா கேட்டது சாதாரணக் கேள்வி அல்ல. கடைக்காரர் சொல்லும் பத்துப் பெருமைகளை விட, இந்த ஒரு கேள்வி முக்கியமானது.

இன்று காப்பி எந்திரங்கள் பல வகையாக வந்து விட்டன. சில நூறு ரூபாய்க்கும் கருவி இருக்கிறது. லட்ச ரூபாய்க்கும் இருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்தால் எல்லாமே நல்லதாகத் தெரிகிறது. பண்டிகைத் தள்ளுபடி வந்தால் கை பரபரக்கிறது.

ஆனால் வாங்கிய ஆறு மாதத்தில், பல வீடுகளில் எந்திரம் பரணுக்குப் போய் விடுகிறது. பழைய பில்டர் மறுபடியும் அடுப்படிக்கு வந்து விடுகிறது.

ஏன்?

எந்திரத்தின் மீது குற்றம் இல்லை. அந்த வீட்டில் குடிக்கும் காப்பி வேறு. அந்த எந்திரம் போடும் காப்பி வேறு. இதைத் தெரிந்து கொள்ளாமல் வாங்கியதுதான் குற்றம்.

எஸ்பிரெசோ என்றால் என்ன?

விலை உயர்ந்த எந்திரங்களில் பெரும்பாலானவை எஸ்பிரெசோ எந்திரங்கள். எஸ்பிரெசோ என்பது இத்தாலி நாட்டுக் காப்பி.

அதைப் போடுவது எப்படி தெரியுமா?

காப்பிக் கொட்டையை மிக நைசாக அரைக்க வேண்டும். அந்தத் தூளைச் சிறிய வடிகட்டியில் போட்டு, கெட்டியாக அமுக்க வேண்டும். கொதிநிலைக்குச் சற்றுக் குறைவான வெந்நீரை அதன் வழியே செலுத்த வேண்டும். வெந்நீரின் சூடு 90 முதல் 96 டிகிரி வரை இருக்கலாம்.

வெந்நீர் தானாக இறங்காது. எந்திரம் அதைப் பலமாகத் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தை "பார்" என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். எஸ்பிரெசோவுக்கு வேண்டியது சுமார் 9 பார்.

9 பார் என்றால் எவ்வளவு? வீட்டில் இருக்கும் பிரஷர் குக்கரை எடுத்துக் கொள்ளுங்கள். அது விசில் அடிக்கும்போது, உள்ளே இருக்கும் நீராவியின் அழுத்தம் சுமார் 1 பார். அதைப் போல 9 மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் தூளுக்குள் பாய்கிறது!

25 அல்லது 30 விநாடிகளில் வேலை முடிந்து விடும். கிடைப்பது என்ன? 30 மில்லி காப்பி. அதாவது, இரண்டு வாய். கறுப்பாக, கெட்டியாக, மேலே பொன் நிற நுரையோடு இருக்கும்.

இத்தாலிக்காரர்கள் கடையில் நின்றபடியே அதைக் குடித்து விட்டுப் போய் விடுவார்கள்.

வந்த கதை

இந்த எந்திரம் ஒரே நாளில் வந்தது அல்ல.

1884-ம் ஆண்டில், இத்தாலியில் டூரின் நகரத்தைச் சேர்ந்த ஆஞ்செலோ மொரியோண்டோ என்பவர், நீராவியால் காப்பி போடும் எந்திரத்துக்கு உரிமை பதிவு செய்தார். 1901-ல் மிலான் நகரத்து லூயிஜி பெட்செரா, ஒவ்வொரு கோப்பையாகக் காப்பி இறக்கும் எந்திரத்துக்கு உரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

அந்தக் காலத்து எந்திரங்களில் நீராவிதான் தண்ணீரைத் தள்ளியது. அழுத்தம் போதவில்லை. காப்பியில் கரிந்த வாடை வந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அச்சில்லே காஜியா என்பவரின் எந்திரம் வந்தது. நீளமான கைப்பிடியை இழுத்து விட்டால், சுருள் வில் தண்ணீரைத் தள்ளும். அப்போதுதான் காப்பியின் மேலே பொன் நிற நுரை வந்தது. 1961-ல் மின்சாரப் பம்பு வைத்த எந்திரத்தை பாயேமா நிறுவனம் கொண்டு வந்தது. இன்றைய எந்திரங்கள் அந்த வழியில் வந்தவை.

இவை எல்லாம் கடைகளுக்காகச் செய்தவை என்பதைக் கவனியுங்கள். நாள் முழுவதும் கூட்டம் வரும் கடையில், எந்திரம் சூடாகவே இருக்கும். அதைக் கவனிக்கத் தனி ஆள் இருப்பார். வீட்டில் அப்படி அல்ல.

கலியாண வீட்டு எஸ்பிரெசோ

"எஸ்பிரெசோ எங்களுக்குத் தெரியாதா? கலியாண வீட்டில் குடித்திருக்கிறோமே!" என்று சிலர் சொல்லலாம்.

பளபளவென்று ஒரு பெரிய எந்திரம். உஸ் என்று நீராவி வரும். கோப்பை நிறைய நுரை பொங்கும். மேலே கொஞ்சம் சாக்லெட் தூள் தூவிக் கொடுப்பார்கள். பிள்ளைகள் இரண்டு முறை வரிசையில் நிற்பார்கள்.

அது நல்ல ருசிதான். ஆனால் அது எஸ்பிரெசோ அல்ல! பாலில் உடனடிக் காப்பித் தூளையும் சர்க்கரையையும் கலந்து, நீராவியால் நுரைக்க வைத்தார்கள். அதற்கு எஸ்பிரெசோ என்ற பெயர் நம் ஊரில் ஒட்டிக் கொண்டது.

அந்த ருசியை நினைத்துக் கொண்டு, உண்மையான எஸ்பிரெசோ எந்திரத்தை வாங்கினால் ஏமாற்றம்தான் வரும். அந்த ருசிதான் வேண்டும் என்றால், அதற்கு 40 ஆயிரம் ரூபாய் தேவை இல்லை. பாலை நுரைக்க வைக்கும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

சிக்கரிச் சிக்கல்

இன்னொரு முக்கியமான செய்தி.

தமிழ்நாட்டுக் காப்பித் தூளில் பெரும்பாலும் சிக்கரி கலந்திருக்கிறது. சிக்கரி என்பது காப்பி அல்ல. அது ஒரு செடியின் வேர். அதை வறுத்துப் பொடி செய்து கலக்கிறார்கள். நம் நாட்டு உணவு விதிப்படி, காப்பியும் சிக்கரியும் கலந்த தூளில் காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. எவ்வளவு சிக்கரி என்பதைப் பாக்கெட்டின் மேல் போட வேண்டும். அடுத்த முறை வாங்கும்போது பாருங்கள்.

சிக்கரி தண்ணீரில் சுலபமாகக் கரையும். டிகாக்ஷனுக்குக் கறுப்பு நிறமும் கெட்டித் தன்மையும் கொடுக்கும். நிறையப் பால் ஊற்றினாலும் காப்பி வெளுத்துப் போகாது. அதனால்தான் நம் பால் காப்பிக்கு அது ஒத்துப் போனது.

ஆனால் அந்தத் தூளை எஸ்பிரெசோ எந்திரத்தில் போட்டால்?

சிக்கரி நனைந்து பசை போல ஆகி விடும். வடிகட்டியின் நுண்ணிய துளைகளை அடைக்கும். கொட்டையை அரைத்துப் போடும் தானியங்கி எந்திரத்திலோ, சிக்கரிக்கு இடமே இல்லை.

ஆகவே, எஸ்பிரெசோ எந்திரம் வந்தால் வழக்கமான தூள் போக வேண்டும். தூள் போனால் ருசி மாறும். 40 வருடமாக ஒரே ருசியில் குடித்த அப்பா, ஒரு வாய் குடித்து விட்டு, "இது காப்பியா, கஷாயமா?" என்று கேட்பார். அவர் மேல் கோபித்துப் பயன் இல்லை.

5 பேர், 20 நிமிடம்

நேரக் கணக்கையும் பார்ப்போம்.

பில்டரில் டிகாக்ஷன் இறங்க 15 அல்லது 20 நிமிடம் ஆகும். "இவ்வளவு நேரமா?" என்று தோன்றலாம். ஆனால் அந்த நேரம் முழுவதும் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியது இல்லை. ஒரு முறை இறக்கினால் 5 பேருக்கும் ஆகும். தாமதமாக எழுந்து வரும் மகளுக்கும் இருக்கும்.

எஸ்பிரெசோ எந்திரம் விநாடிகளில் காப்பி தரும். ஆனால் ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு கோப்பைதான். எந்திரம் சூடேற வேண்டும். கொட்டையை அரைக்க வேண்டும். தூளை நிரப்பி அமுக்க வேண்டும். காப்பி இறங்கியதும் சக்கையைத் தட்ட வேண்டும். பாலை நுரைக்க வைக்க வேண்டும். பால் பட்ட குழாயை உடனே துடைக்க வேண்டும். துடைக்கா விட்டால் பால் காய்ந்து அடைத்துக் கொள்ளும்.

பழகியவருக்கும் ஒரு கோப்பைக்கு 4 நிமிடம் என்று வைத்துக் கொள்ளுங்கள். 5 பேருக்கு 20 நிமிடம்!

பில்டருக்கும் 20 நிமிடம். எந்திரத்துக்கும் 20 நிமிடம். வித்தியாசம் என்ன? பில்டர் தானாக வேலை செய்கிறது. எந்திரத்தின் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். நிற்பவர் யார்? பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கும்.

"இனி நீ கஷ்டப்பட வேண்டாம்" என்று சொல்லி வாங்கிய பொருள், அவருக்கு இன்னொரு வேலையாகப் போய் விடுகிறது.

எண்ணைக் கண்டு மயங்காதீர்கள்

கடையில் எந்திரத்தின் மேல் "15 பார்" என்று போட்டிருக்கும். பக்கத்தில் இருப்பதில் "20 பார்" என்று இருக்கும். விலையும் கூட இருக்கும். "20 தானே நல்லது?" என்று நினைக்கத் தோன்றும்.

இல்லை. தூளின் மேல் வேண்டியது 9 பார்தான். பம்பு தள்ளக் கூடிய அதிக அளவைத்தான் 15 என்றும் 20 என்றும் எழுதுகிறார்கள். அதற்காக அதிகப் பணம் கொடுப்பது வீண்.

முதலில் வாங்க வேண்டியது

பலரும் மறந்து விடும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் காப்பிக் கொட்டை அரைக்கும் கருவி.

காப்பியின் மணம் கொட்டைக்குள் அடைபட்டு இருக்கிறது. அரைத்தவுடன் அது வெளியே கிளம்பி விடும். அரைத்து ஒரு மாதம் ஆன தூளை எந்த எந்திரத்தில் போட்டாலும், மணம் திரும்பி வராது. லட்ச ரூபாய் எந்திரமும் பழைய தூளைப் புதுத் தூள் ஆக்காது.

மிக்சியில் அரைக்கலாமா? அரைக்கலாம். ஆனால் கத்தி சுற்றி வெட்டுவதால், சில துண்டு பெரிதாகவும் சில மாவாகவும் இருக்கும். மாவு துளையை அடைக்கும். பெரிய துண்டில் இருந்து சாறு இறங்காது. பல் வைத்த இரண்டு சக்கரங்களுக்கு நடுவே அரைக்கும் கருவியில்தான் தூள் ஒரே சீராக வரும். கையால் சுற்றுவதும் உண்டு. மின்சாரத்தில் ஓடுவதும் உண்டு.

அதுவும் வேண்டாம் என்றால், சுலபமான வழி இருக்கிறது. ஊரில் கொட்டையை வறுத்துக் கண் முன்னே அரைத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே கால் கிலோ, கால் கிலோவாக வாங்குங்கள். மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். பிளான்டேஷன் வேண்டுமா, பீபெரி வேண்டுமா, சிக்கரி எவ்வளவு என்று நீங்களே சொல்லலாம்.

இத்தாலி தனக்கு வேண்டிய காப்பியை வெளிநாடுகளில் வாங்குகிறது. இந்தியக் காப்பியை அதிகமாக வாங்கும் நாடுகளில் இத்தாலி முன்வரிசையில் இருக்கிறது. நமக்கோ ஏற்காடும், வால்பாறையும், நீலகிரியும், கர்நாடகத்துச் சிக்மகளூரும், குடகும் பக்கத்தில் இருக்கின்றன. புதுக் கொட்டை கிடைக்கும் நாட்டில் பழைய தூளைக் குடிக்க வேண்டுமா?

எந்த வீட்டுக்கு எது?

இனி, எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று பார்ப்போம்.

பால் காப்பி குடிக்கும் வீட்டுக்கு எவர்சில்வர் பில்டரே போதும். மின்சாரம் வேண்டாம். பழுது பார்ப்பவர் வேண்டாம். கை தவறி விழுந்தாலும் உடையாது. பித்தளைப் பில்டர் அழகானது; ஆனால் தேய்க்கும் வேலை அதிகம். அளவு பார்த்து வாங்குங்கள். 2 பேருக்குப் பெரிய பில்டர் வாங்கினால், தூள் மெல்லியதாகப் பரவும். தண்ணீர் சீக்கிரம் இறங்கி விடும். டிகாக்ஷன் நீர்த்துப் போகும். துளை அடைத்துக் கொண்டால், கழுவிக் காய வைத்த மேல் பாத்திரத்தை அடுப்பில் லேசாகச் சூடு காட்டித் தட்டினால் சரியாகி விடும்.

அவசரமாக வேலைக்குப் போகும் வீட்டுக்கு, மின்சாரத்தில் டிகாக்ஷன் இறக்கும் எந்திரம் உதவும். தண்ணீரைச் சூடாக்கித் தூளின் மேல் தானே ஊற்றும். டிகாக்ஷன் பில்டரை விடக் கொஞ்சம் நீர்த்து இருக்கும். நேரம் மிச்சம்.

கெட்டியான காப்பி வேண்டும், செலவும் அதிகம் ஆகக் கூடாது என்பவர்களுக்கு மோக்கா பானை இருக்கிறது. 1933-ல் இத்தாலியில் பியாலெட்டி என்பவர் கொண்டு வந்தது. கீழே தண்ணீர், நடுவே தூள். அடுப்பில் வைத்தால் நீராவி தண்ணீரை மேலே தள்ளும். 5 நிமிடத்தில் கெட்டியான டிகாக்ஷன் தயார். பாலோடும் நன்றாக இருக்கும். ஆனால் அலுமினியத்தில் செய்தது இண்டக்ஷன் அடுப்பில் சூடாகாது. கேட்டு வாங்குங்கள்.

குப்பி போட்டுக் காப்பி போடும் எந்திரமும் வந்திருக்கிறது. குப்பியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் போதும். கழுவும் வேலை மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு குப்பி வாங்க வேண்டும். 5 பேர் தினம் இரண்டு வேளை குடித்தால், நாளுக்கு 10 குப்பி. மாதத்துக்கு 300 குப்பி! எந்திரத்தின் விலையைப் பார்க்காதீர்கள். 300 குப்பியின் விலையைப் பாருங்கள். காலிக் குப்பிகளை எங்கே போடுவது என்பதையும் யோசியுங்கள்.

அப்படியானால் எஸ்பிரெசோ எந்திரத்தை யாருமே வாங்கக் கூடாதா?

அப்படி இல்லை. பால் இல்லாத கறுப்புக் காப்பி பிடித்தவர்கள் வாங்கலாம். வீட்டில் குடிப்பவர் ஒருவர் அல்லது இருவர் என்றால் வாங்கலாம். தினமும் கடையில் அந்தக் காப்பிக்கு 200 ரூபாய் கொடுப்பவருக்கு லாபமாகவும் இருக்கும். கொட்டையை அரைத்து, அளந்து, துடைத்து வைப்பதில் ஆசை உள்ளவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. முக்கியமாக, ஆசைப்பட்டவரே அதைக் கழுவ வேண்டும்.

வாங்கும் முன்

பணம் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, குடித்துப் பாருங்கள். குடும்பத்தோடு ஒரு கடைக்குப் போய், பால் சேர்க்காத எஸ்பிரெசோ ஒன்று வாங்கி, ஆளுக்கு ஒரு வாய் குடியுங்கள். முகத்தைப் பார்த்தாலே முடிவு தெரிந்து விடும்.

இரண்டாவது, தண்ணீர். உப்புத் தண்ணீர் உள்ள ஊரில், எந்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படிவு படியும். வெந்நீர்ப் பாத்திரத்தில் படிகிறதே, அதே படிவுதான். குழாய் அடைத்துக் கொள்ளும். நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். செய்தவர்கள் சொன்ன முறைப்படி அவ்வப்போது படிவை நீக்க வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். எஸ்பிரெசோ எந்திரங்கள் பல, ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுப்பவை. மிக்சிக்குப் போட்ட நீட்டிப்பு வயரில் செருகக் கூடாது. அமெரிக்காவில் இருந்து உறவினர் கொண்டு வந்த எந்திரம் என்றால், இன்னும் கவனம் வேண்டும். அந்த நாட்டில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். இங்கே 230 வோல்ட். அப்படியே செருகினால் எந்திரம் எரிந்து போகும்.

நான்காவது, பழுது. உங்கள் ஊரில் பழுது பார்ப்பவர் இருக்கிறாரா? ரப்பர் வளையம் தேய்ந்தால் எங்கே கிடைக்கும்? கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

ஐந்தாவது, கணக்கு. 40 ஆயிரம் ரூபாய் எந்திரம் 5 வருடம் உழைத்தால், ஒரு நாளைக்குச் சுமார் 22 ரூபாய் ஆகிறது. கொட்டை, பால், மின்சாரம் தனி. அது பரணில் கிடந்தாலும் அந்த 22 ரூபாய் போனது போனதுதான்.

அம்மாவுக்கு என்ன வேண்டும்?

மகனின் எண்ணம் நல்லது. அதில் சந்தேகம் இல்லை. அம்மா 30 வருடமாக 5 மணிக்கு எழுந்திருக்கிறார். அவருக்கு ஓய்வு வேண்டும் என்று நினைத்தானே, அந்த மனம் பெரிது.

ஆனால் அம்மாவின் கஷ்டம் எது? பில்டரில் வெந்நீர் ஊற்றுவதா? அது இரண்டு நிமிட வேலை. எல்லோரும் தூங்கும்போது, தினமும் தான் ஒருவர் மட்டும் எழுந்திருப்பதுதான் கஷ்டம். காய்ச்சல் வந்தாலும், முதல் நாள் இரவு கலியாணத்துக்குப் போய் வந்தாலும், 5 மணிக்கு எழுந்திருப்பதுதான் கஷ்டம்.

அந்தக் கஷ்டத்தைத் தீர்க்கும் எந்திரம் எந்தக் கடையிலும் இல்லை. வீட்டில் இன்னொருவர் எழுந்தால்தான் அது தீரும்.

காப்பி போடுவது பெண்கள் வேலை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஓட்டல்களில் காப்பி போடுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். கடையில் ஆண் போட்ட காப்பியைப் புகழ்ந்து குடிக்கிறோம். வீட்டில் மட்டும் ஏன் கூடாது?

வாரத்தில் 7 நாள். 5 பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாள் என்று வைத்தாலே, அம்மாவின் வேலை பாதிக்கு மேல் குறைந்து விடும். இதற்கு ஒரு காசு செலவு இல்லை.

மீண்டும் அந்த வீட்டுக்குப் போவோம்.

மகன் 40 ஆயிரம் ரூபாய் எந்திரத்தை வாங்கவில்லை. கையால் சுற்றி அரைக்கும் கருவி ஒன்றும், அரைக் கிலோ கொட்டையும் வாங்கி வந்தான். கூடவே கொஞ்சம் சிக்கரித் தூளும் வாங்கினான். சனிக்கிழமை இரவே எல்லாவற்றையும் எடுத்து வைத்தான்.

"நாளைக்குக் காப்பி நான் போடுகிறேன். நீ எழுந்திருக்காதே அம்மா" என்றான்.

"உனக்கு எதுக்குப்பா இந்த வேலை?" என்றார் அம்மா. அப்பா சிரித்துக் கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்கு, பழக்கத்தால் அம்மாவுக்கு விழிப்பு வந்து விட்டது. அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. எழுந்து போகலாமா என்று நினைத்தார். போகவில்லை. அப்படியே படுத்திருந்தார்.

தூளை அதிகமாக அமுக்கி விட்டான் போலிருக்கிறது. டிகாக்ஷன் இறங்க நேரம் ஆயிற்று. பாலும் கொஞ்சம் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்தது மருமகள்.

6 மணிக்கு டவரா டம்ளரில் காப்பி வந்தது. முதல் டம்ளர் அம்மாவுக்கு!

"எப்படி இருக்கு அம்மா?"

அம்மா ஒரு வாய் குடித்தார். சர்க்கரை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் காப்பி சுடச்சுட இருந்தது.

"நல்லா இருக்குப்பா" என்றார்.